ஆடிக் கார்த்திகையன்று மலையில் குடித்த தண்ணீர்

என் மனைவி பவானியின் மார்பில் கட்டி இருக்கிறது என்று டொக்டர் சொன்ன நாளில் நான் முருகனைக் கும்பிடவில்லை. சண்டை பிடித்தேன். பதினெட்டு வருடமாக இந்தச் சுவிஸ் நாட்டில் நம் கோயிலில் அன்னதானப் பொறுப்பு என் கையில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு ஷ்லீரனிலிருந்து ஓடிவந்து கரண்டி பிடிக்கிறவன் நான். உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். என்ன குறை என்று அவன் காட்டிவிட்டான். அதைத்தான் இந்தக் கோயில் மலரில் எழுதுகிறேன். வாசித்தால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்களுக்கு ஒரே மகள், துளசி. நான்கு வருடங்களுக்கு முன் சுதன் என்ற பிள்ளையைக் கட்டப் போகிறேன் என்று வந்து நின்றாள். அவனுக்கு டிராம் பணிமனையில் நிரந்தர வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை. இங்கத்தைய டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி, அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவை ஒன்றையும் நான் விசாரிக்கவில்லை. "ஊரிலை எவடம்?" என்று மட்டும் கேட்டேன். எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு கேள்வி போதும். ஊருக்குப் போன் எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. சாதி. வாயால் சொல்லாமல் கண்ணாலேயே சொல்லிப் பழகிய அந்தச் சொல்லை இங்கே எழுத்திலேயே போட்டுவிடுகிறேன்.

பவானி அழுது அழுது கேட்டதால் ஒரேயொரு முறை சுதனின் பெற்றோர் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அம்மா ஒரு தட்டில் மூன்று கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "இண்டைக்கு விரதம்" என்றேன். அது ஒரு வெறும் புதன்கிழமை. விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தண்ணீருக்கும் விரதமோ என்று அந்த அம்மா கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அவருக்கு விளங்கிவிட்டது. சுதனின் தகப்பனார் எத்தனையோ வெள்ளிக்கிழமை நம் கோயிலில் வரிசையில் நின்று என் கையால் சோறு வாங்கியவர். நான் போட்டால் அவர் சாப்பிடலாம், அவர் வீட்டில் தந்தால் நான் குடிக்கக் கூடாது. அதுதான் என் நியாயம்.

கலியாணத்துக்கு நான் போகவில்லை. பவானியையும் போகவிடவில்லை. பேத்தி பிறந்தாள். படம்கூடப் பார்க்கமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பவானி குளிக்கப் போன நேரம் அவளுடைய போனில் களவாகப் பார்த்தேன்.

ஒபரேஷனுக்கு நாள் குறித்ததும் பவானி ஒன்றே ஒன்று கேட்டாள். "கத்தி வைக்க முன்னம் பிள்ளையையும் பேத்தியையும் ஒருக்காப் பாக்கோணும்." சாகப் போகிறேனோ என்ற பயம் அவள் குரலில் இருந்தது. அப்போதும் நான் நிபந்தனை போட்டேன். அவர்கள் வீட்டுக்கு நான் வரமாட்டேன். எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தால் மேல் மாடித் தமிழ்க் குடும்பம் பார்க்கும். "எங்கடை சனம் இல்லாத இடமாப் பாக்கச் சொல்லு" என்றேன்.

துளசி அப்படியே ஓர் இடம் பார்த்தாள். லூசேர்ன் ஏரிக்கு மேலே, மலையில் ஒரு குடில். நடந்து வருகிறவர்களுக்குச் சூப்பும் பாணும் விற்பார்கள். வாசலில் போட்டிருக்கும் வாங்கில் குந்தினால் ஏரி முழுவதும் காலடியில் தெரியும். தமிழ் முகம் ஒன்றும் இராது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டுப் பின்னேரமே திரும்பிவிடலாம். நான் கேட்டது கிடைத்தது.

அன்றைக்கு ஆடிக் கார்த்திகை. பவானிக்காக நான் விரதம். இந்த முறை உண்மையாகவே விரதம், பச்சைத் தண்ணீரும் இல்லை. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, எடுக்கும் மாத்திரையை மட்டும் விடியற்காலையில் எச்சிலோடு விழுங்கினேன். சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடக் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னவர். மருந்தை விட்டால் டொக்டரிடம் பயம், சாப்பிட்டால் முருகனிடம் பயம். இரண்டு பயத்தையும் சேர்த்து விழுங்கினேன்.

மலையடிவாரத்தில் அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். பவானி பேத்தியை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள், கட்டி இருந்த அதே பக்கம். நான் தள்ளிப் போய் நேர அட்டவணையை வாசித்தேன். குடிலுக்குக் கம்பியில் ஒரு சின்னத் தொங்குவண்டி போகும். ஆறு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க இருக்க வேண்டும். சுதன் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் நடந்து வாறன்" என்றேன்.

"அப்பா, ரெண்டரை மணித்தியாலம். முழுக்க ஏத்தம்" என்றாள் துளசி.

"கதிர்காமத்துக்கு நடந்த கால் இது."

கதிர்காமத்துக்கு நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இப்போது அறுபத்தொன்று. மருமகனின் முழங்கால் படக் கூடாது என்பதற்காக ஒரு மலையையே ஏறத் துணிந்தேன்.

முதல் ஒரு மணித்தியாலம் வீறாப்பில் போனது. எதிரே வந்த ஒரு வயதான சுவிஸ் சோடி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொக்லேட் நீட்டினார்கள். "நைன், டாங்கே", வேண்டாம், நன்றி என்று சிரித்துக்கொண்டே கடந்தேன். பிறகு கை நடுங்கியது. வேர்வை சட்டையைத் தாண்டி வழிந்தது. பாறையில் வழிகாட்டப் பூசியிருந்த சிவப்பும் வெள்ளையும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கால் பாதையை விட்டு விலகியது எனக்கே தெரியவில்லை. புல்லில் குந்தினேன். புல் முடிகிற இடத்தில் நிலமும் முடிந்தது. எழும்பினால் விழுவேன் என்று தெரிந்தது. போனில் இணைப்பு இல்லை. கீழே ஏரி நீலமாகக் கிடந்தது. அதைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். எனக்கு அது இவ்வளவு தண்ணீர் என்று மட்டுமே பட்டது.

பவானியை நினைத்தேன். நாளை மறுநாள் அவளுக்கு ஒபரேஷன். தியேட்டர் வாசலில் நிற்க நான் இருக்கமாட்டேன். அப்போதுதான் அழுதேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. பதினெட்டு வருடம் பாடியவனுக்கு ஒரு வரிகூட வரவில்லை. "முருகா, ஆரையெண்டாலும் அனுப்பு" என்று மட்டும் கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது. ஆரையெண்டாலும் என்றுதான் கேட்டேன்.

மேலேயிருந்து கற்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒருவர் ஓடி வந்தார். சுதன்.

குடிலில் சாப்பாடு சொல்லும்போது பவானி பேச்சோடு பேச்சாக, அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதமிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அவன் மேசையில் இருந்த சீனிப் பைக்கற்றுகளை எல்லாம் அள்ளித் தன் தண்ணீர்ப் போத்தலில் கொட்டிக் குலுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறான். அவனுடைய அம்மாவுக்கும் சீனி வருத்தமாம். அதனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தண்ணீர் வாங்காத அதே அம்மா.

என் முதுகில் கை கொடுத்து நிமிர்த்தி, போத்தலை வாயருகே கொண்டுவந்தான். உண்மையைச் சொல்கிறேன், உயிர் போகிற அந்த நேரத்திலும் என் வாய் திறக்கவில்லை. அவன் வாய் வைத்துக் குடித்த போத்தல் என்று மூளை சொன்னது. "இண்டைக்கு விரதம்" என்று என் வாய் முணுமுணுத்தது.

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னான்: "இஞ்சை ஒருத்தரும் பாக்கேல்லை, அங்கிள். குடியுங்கோ."

செருப்பால் அடித்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. குடித்தேன். மடக் மடக்கென்று, கழுத்தெல்லாம் ஊற்றக் குடித்தேன்.

அரை மணித்தியாலத்தில் கண் தெளிந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். குடில் வாசலில் பவானி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என் கையில் வெறும் போத்தலைக் கண்டாள்.

"குடிச்சியளோ?"

"ஓம்."

"இதை அண்டைக்கே குடிச்சிருந்தா, இந்தப் பிள்ளை பிறக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டிருப்பன்."

சொல்லிவிட்டு அவள் ஏரிப் பக்கம் திரும்பிப் பேத்திக்குக் கப்பல் காட்டினாள்.

முருகன் அருளால் ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. பவானி தேறிவருகிறாள், ஆனால் துளசி வீட்டில். "கொஞ்சக் காலம் இஞ்சையே இருக்கிறன்" என்றாள். எவ்வளவு காலம் என்று கேட்க எனக்கு வாயில்லை. சனிக்கிழமைகளில் போகிறேன். பேத்தி என்னைக் கண்டால் சுதனின் காலுக்குப் பின்னால் ஒளிகிறாள். அவன் இன்னும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறான். மாமா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

சுதனின் அம்மாவிடமும் தனியாகப் போனேன். "ஒரு கிளாஸ் தண்ணி தருவியளோ?" என்று கேட்டேன். அதே தட்டில் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். இருக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவர் மன்னிக்காதது சரி என்றே நினைக்கிறேன்.

இனி அன்னதானக் கரண்டியைச் சுதனின் தகப்பனாரிடம் கொடுப்போம் என்று நிர்வாகத்தில் சொன்னேன். "பாப்பம்" என்றார்கள். அந்தப் பாப்பத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அடியார்களே, முருகனை நம்புங்கள். கூப்பிட்ட குரலுக்கு அவன் ஆள் அனுப்புவான், எனக்கு அனுப்பினான். இன்று நான் உயிரோடு இருப்பது அவன் போட்ட பிச்சை. ஆனால் எந்த வீட்டுக் கையில் அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு நீங்கள் படிப்பிக்காதீர்கள். உங்களில் யாராவது பிள்ளையோடு கதைக்காமல் இருந்தால், உங்கள் வீட்டில் ஒரு கட்டி வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே போய் அந்த வீட்டில் தண்ணீர் கேளுங்கள்.

என் பெயரைப் போட்டே இதைப் பிரசுரிக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மலையில் ஒருத்தரும் பார்க்கவில்லை. இப்போது நீங்கள் எல்லோரும் பாருங்கள். நான் குடித்தேன்.