காத்தவராயன் போட்ட முடிச்சு

காத்தவராயன் வீட்டில் எந்தப் பொருளின் பிளாஸ்டிக் உறையையும் உரிக்க விடமாட்டார். மாமல்லபுரத்துக் குப்பத்தில் உப்புக்காற்று ஆணியைக்கூட விட்டுவைக்காது. டிவி ரிமோட், ஃபிரிட்ஜ் கதவு, பைக் சீட்டு எல்லாம் கடையில் வந்த கோலத்திலேயே இருக்கும். படகு இன்ஜின் துருவோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போன மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அவர் மனைவி பானுமதி சிற்பப் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டரில் சிலை வடிவம் வரைந்து தருகிறவள். யாரும் சொல்லித் தரவில்லை, அடம்பிடித்துக் கற்றுக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு நந்தியை அனுப்பியாக வேண்டும். தவறினால் இனி வேலையெல்லாம் சென்னைக்குத்தான் என்று பட்டறைக்காரர் அருணகிரி சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரோ சூடேறிச் சூடேறி நின்றுகொண்டிருந்தது. அதனால் பிராசஸரின் சூட்டைத் தணிக்கப் பெரிய கூலர் ஒன்று வாங்கி வந்து, தானே மாட்ட உட்கார்ந்தாள்.

எல்லாம் முறையாகத்தான் செய்தாள். மின்சார வயரைப் பிடுங்கினாள். பழைய கூலரை வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுத்தாள். அதன் செம்பு அடி பச்சை பூத்துக் கிடந்தது. புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருந்த, கண்ணுக்கே தெரியாத மெல்லிய உறையை உரித்துப் போட்டாள். அந்த நேரம் பார்த்து அருணகிரியின் போன், வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பிராசஸரைத் துடைத்துப் சூட்டைக் கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைத்தாள். கூலரை உட்காரவைத்து, நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள்.

ஆன் செய்தாள். சூடு மளமளவென்று நூறு டிகிரியைத் தொட்டது, திரை அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் அதேதான். பிராசஸர் போயிற்று என்று அவளுக்குக் கையும் காலும் ஓடவில்லை.

செங்கல்பட்டுக் கடைக்காரன் ரோஹித்தைப் போனில் பிடித்து, போலிச் சரக்கு விற்றதாகக் கிழிகிழியென்று கிழித்தாள். உறையை உரித்தீர்களா என்று மட்டும் அவன் கேட்டான்.

“உரிக்காம மாட்றதுக்கு நான் இன்னா லூசா?”

படம் எடுத்து அனுப்பிக் காட்டத்தான் கூலரைக் கழற்றினாள். அடியில் பசை பூசிக்கொண்டு, சுருக்கம்கூட இல்லாமல் உறை ஒட்டியிருந்தது. தன் கையால் உரித்தது! பேயைக் கண்டவள் போல உட்கார்ந்துவிட்டாள்.

“செம்பாச்சே, பழசு மாறி பச்ச பூத்துடும்னு நாந்தான் ஒட்னேன்,” என்றார் வாசலிலிருந்து காத்தவராயன்.

உறையைப் பிய்த்து, துடைத்து, புதுப் பசை வைத்து மறுபடி மாட்டினாள். இந்த முறை சூடு அறுபதைத் தாண்டவில்லை. நந்தியை முடித்து, அனுப்பப் போட்டுவிட்டு, ரோஹித்திடம் மன்னிப்புக் கேட்க வாசலுக்குப் போனாள்.

திரும்பி வந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தலை முதல் கால்வரை தார்ப்பாயால் மூடி, கயிறு சுற்றிக் கட்டியிருந்தார் மனிதர். நந்தி இன்னும் போய்ச் சேரவில்லை. உள்ளே விசிறி மூச்சு முட்டி அலறிக்கொண்டிருந்தது. முடிச்சோ, புயலுக்கும் அவிழாத படகு முடிச்சு. மீன் அரியும் கத்தியை எடுத்து வந்து அறுத்தாள். திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. நல்லவேளை, நந்தி அருணகிரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“இன்னாய்யா பண்ற நீ?” என்றாள்.

அறுந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். “படகு போனப்புறம் நமக்கு சோறு போட்றது இதானே பானு. இதுவும் உப்புல பூட்டா இன்னா பண்றது?”

கடலைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினாள். கம்ப்யூட்டர் மேஜையை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவரைக் கூப்பிட்டாள்.