கோட்டுக்கு அங்கால்

காற்றை எதிர்த்துப் பாடப் பழகிய குரலுக்குக் காற்று இல்லாத இடத்தில் என்ன வேலை? நாரந்தனைக் கத்தரீனாவின் வாழ்க்கை ஏறக்குறைய இருபத்தைந்து வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருந்தது.

தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை, யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான நாரந்தனையில் தோணி கட்டும் ஓடாவி. ஆர்மோனியம் வாசிப்பார், கோயிற் பாட்டுகளைத் தாமே கட்டுவார். மனைவி இறந்தபின் மூன்று பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பாட்டுக் குழு ஆக்கினார். மூத்தவள் கத்தரீனா, அடுத்தவன் சந்தியாப்பிள்ளை, கடைசி மதலேனா. 1956இல் தொடங்கியபோது கத்தரீனாவுக்குப் பதின்மூன்று வயது.

பயிற்சி கடற்கரையில், அதுவும் சோளகம் அடிக்கும் மாதங்களில். வாயைத் திறந்தால் சொல்லைத் திருப்பித் தொண்டைக்குள் தள்ளுகிற காற்று அது. பிள்ளைகளை அதற்கு முகம்கொடுத்து நிற்க வைத்துவிட்டு, கடலில் நிற்கும் ஏதாவதொரு தோணியைக் காட்டுவார்.

"அந்தத் தோணியிலை இருக்கிறவன் திரும்பிப் பாக்கோணும். அதுவரைக்கும் பாடு."

சந்தியாப்பிள்ளையின் பாட்டுக்கு ஒருவரும் திரும்பியதில்லை. மதலேனாவுக்கு இரண்டாம் அடியிலேயே இருமல் வந்துவிடும். கத்தரீனாவுக்குத் திரும்பினார்கள். ஒருமுறை ஒருவன், தன் வீட்டில் ஏதோ நடந்துவிட்டதென்று பயந்து வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்து, விசயம் தெரிந்ததும் பஸ்ரியாம்பிள்ளையைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுப் போனான். ஓடாவிக்கு அன்று முழுவதும் சந்தோசம்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு நியாயம் இருந்தது. தீவுக் கோயில்களில் பெருநாளன்று சனத்தில் பாதிக்கு மேல் வெளியே மணலில்தான் இருக்கும். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். கத்தரீனா பாடினால் கேட்டது. நெடுந்தீவுக்குப் போகும்போது அவள் வள்ளத்திலேயே பாடத் தொடங்கிவிடுவாள். வள்ளம் துறையை அணையுமுன்பே பஸ்ரியாம்பிள்ளையின் ஆட்கள் வருகிறார்கள் என்று கரைக்குத் தெரிந்துவிடும். அவளுடைய குரலை இனிமையானது என்று சொன்னால் மிகை. நேரானது, தளராதது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது. அவ்வளவுதான். அந்த நாளில் அது போதுமாக இருந்தது.

1963இல் ஊர்காவற்றுறையில் ஒரு பெருநாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தில்லைநாதன் என்பவர் ஒலிபெருக்கி கொண்டுவந்தார். மைக்குக்கு முன்னால் கத்தரீனா வழக்கம்போல் வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கிக் குழாய் வீரிட்டது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்தினார்கள். தில்லைநாதன் ஓடிவந்தார்.

"தங்கச்சி, இது மைக். தோணி இல்லை. ஒரு பத்தடி பின்னுக்கு நில்லும்."

சனம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே பின்னுக்குப் போனாள். அன்று முன்னால் வந்தவன் சந்தியாப்பிள்ளை. காற்றில் ஒரு தோணியையும் திருப்ப முடியாத அவனுடைய மெல்லிய குரல் குழாய்க்குள்ளால் வந்தபோது தேன்போல இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையும் அதுதான்.

லத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு மாறிய வருடங்களில் தமிழ்ப் பாட்டுக்காரருக்கு நல்ல கிராக்கி வந்தது. காரைநகர், மன்னார், யாழ்ப்பாணம் என்று அழைத்தார்கள். வானொலியிலிருந்தும் கடிதம் வந்தது. நால்வரும் கொழும்புக்கு ரயிலேறினார்கள். ஒலிப்பதிவு அறையில் காற்று என்று ஒன்று இல்லை, சுவர்களுக்கெல்லாம் மெத்தை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி கையைக் காட்டிக் காட்டிக் கத்தரீனாவைப் பின்னுக்கு அனுப்பினார். பின்னுக்குப் பின்னுக்குப் போய்க் கடைசியில் அவளுடைய முதுகு கதவில் முட்டியது. அதற்கு மேல் போக இடமில்லாததால் பதிவு தொடங்கியது.

ஒலிபரப்பான ஞாயிற்றுக்கிழமை அயலெல்லாம் வானொலிப்பெட்டி இருந்த வீட்டில் கூடியது. முடிந்ததும் பக்கத்து வீட்டு யோகம்மா கேட்டாள்:

"கத்தரீனா, நீர் கொழும்புக்குப் போனனீரோ, இல்லாட்டி ஸ்ரேசனோடை நிண்டிட்டீரோ? உம்மடை சத்தத்தைக் காணேல்லை."

பகிடிதான். ஆனால் அடுத்தநாளிலிருந்து கத்தரீனா குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பாடப் பழகினாள். வெறும் பானையை முகத்துக்கு நேரே பிடித்து அதற்குள் பாடினாள். குரலைக் குறைத்தால் சுருதி இறங்கியது. சுருதியைப் பிடித்தால் பானை அதிர்ந்தது. மாதக்கணக்காக இதுதான் நடந்தது. பஸ்ரியாம்பிள்ளை ஒருநாள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பானைக்கு ஏனடி பாட்டு?" என்றார். அவர் முகத்தில் பகிடி இருக்கவில்லை. பத்து வருடம் பாடுபட்டுக் கட்டிய தோணியைப் பிள்ளை தானே அறுப்பதைக் கண்டவர்போல நின்றார்.

அவளுக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. கோபித்துக்கொள்ள ஆளில்லாததுதான் அவளை அரித்தது. தில்லைநாதன் சொன்னது சரி. கொழும்பு அதிகாரி செய்தது சரி. தம்பி நன்றாகத்தான் பாடினான். ஒவ்வொருவரும் சரியாக நடந்துகொண்டபோது அவள் மட்டும் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எழுபதுகளில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் சந்தியாப்பிள்ளை முதலில் மைக்கைத் தட்டிப் பார்ப்பான். பிறகு பன்னிரண்டடி பின்னால் போய்ச் செருப்புக் குதியால் மணலில் ஒரு கோடு கீறுவான். "அக்கா, கோட்டுக்கு இஞ்சாலை வராதையுங்கோ." மரியாதையாகத்தான் சொல்வான். சிலபேர் அவளைச் சுருதிப்பெட்டி தூக்க வந்தவள் என்று நினைத்தார்கள். விட்டுவிடலாம் என்று இரண்டுதரம் தகப்பனிடம் சொன்னாள். "நீ விட்டா அது என்ரை பாட்டில்லை" என்று அவர் சொல்லிவிட்டார். அவள் விடவில்லை. ஒரே ஒருமுறை, எங்கேயாவது, கோட்டுக்கு முன்னால் நின்று முழுக்குரலில் பாட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளிடம் இருந்தது. அதை மதலேனாவிடம் சொல்லியும் இருக்கிறாள்.

1980 ஆவணியில் நெடுந்தீவில் மாதா பெருநாள். எழுபத்தாறு வயதான பஸ்ரியாம்பிள்ளையை ஒரு கதிரையோடு தூக்கி வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வாசிக்க ஏலாது, ஆனால் வராமல் இருக்கவும் ஏலாது என்றார். துறையில் எல்லோரும் இறங்கியபின்தான் ஆர்மோனியம் வள்ளத்தோடு போவதைக் கண்டார்கள். வள்ளம் நல்ல தூரம் போய்விட்டது. சோளகம் முகத்தில் அடித்தது. கத்தரீனா துறை நுனியில் நின்று ஒருதரம் கூப்பிட்டாள். வள்ளக்காரன் திரும்பினான்.

"பாத்தியே," என்றார் பஸ்ரியாம்பிள்ளை கதிரையிலிருந்து, யாருக்கென்றில்லாமல்.

பின்னேரம் மாதாவின் தேர் கோயிலைச் சுற்றி வாசலுக்கு வந்து நின்றது. ஓடாவி கட்டிய மாதா பாட்டைச் சந்தியாப்பிள்ளை எடுத்தான். முதலடி முடியவில்லை, ஜெனரேற்றர் இரண்டுதரம் செருமிவிட்டு நின்றது. அவனுடைய வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. காற்று மட்டும் தேர்ச்சீலையைப் படபடவென்று அடித்தது. சனம் மணலில் கடைசிவரை நிறைந்து நின்றது.

பழைய ஆட்கள் சிலர் பின்னாலிருந்து சத்தம் வைத்தார்கள். "கத்தரீனாவை விடுங்கோ, அவவுக்கு மைக் தேவையில்லை." சந்தியாப்பிள்ளை வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நேரே நடந்து வந்து, தான் கீறிய கோட்டைத் தன் காலாலேயே அழித்தான்.

"முன்னுக்கு வாங்கோ அக்கா. இது நீங்கள் பாடவேண்டிய இடம்."

அவள் வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முப்பத்தேழு வயது. காலையில் வள்ளத்தைத் திருப்பிய தொண்டை. பஸ்ரியாம்பிள்ளை கதிரையிலிருந்து கையை நீட்டிக் கடலைக் காட்டினார்.

"தோணிக்குக் கேக்கோணும், பிள்ளை."

கத்தரீனா பாடினாள். பானைக்குள் பாடுவதுபோலப் பாடினாள். முதல் வரிசையில் முழந்தாளிட்டிருந்த பெண்கள் கேட்பதற்காகக் குனிந்து முன்னே வந்தார்கள். இரண்டாம் வரிசைக்குப் பாதிதான் கேட்டது. அதற்குப் பின்னால் நின்ற நூற்றுக்கணக்கானோர் அவளுடைய வாயைத்தான் கண்டார்கள். குசினியில் மாதக்கணக்காகப் பிடிபடாத சுருதி ஓரிடத்திலும் இறங்கவில்லை. "சத்தமாய், சத்தமாய்" என்று யாரோ கேட்டார்கள். அவள் அதே அளவில் மூன்று சரணத்தையும் பாடி முடித்தாள்.

ஏன் முழுக்குரலில் பாடவில்லை என்று தகப்பன் பிறகு எத்தனையோ தரம் கேட்டார். "பாடினனான்தானே அப்பு" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. அன்று, பாட்டு முடிந்ததும், சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி, கோடு இருந்த இடத்துக்கு அங்கால் போய் நின்றாள்.