ஈசான்ய மூலையில் ஒரு மேடு

பக்கவாதம் வந்து போனதில் என் மனைவிக்குக் கையும் பேச்சும் திரும்பிவிட்டன. இடது பாதம் மட்டும் மரத்தே கிடந்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அவள் முன்னால் போவாள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். நகரி பஜாரே பார்த்துச் சிரித்த ஊர்வலம் அது.

இடுப்பளவு தண்ணீரில் தினமும் நடக்கட்டும் என்றார் திருப்பதி டாக்டர். வீட்டுக்குப் பின்னாலேயே குளம் வெட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன். நான் நட்ட துணிக்கொடிக் கம்புகூட அதுவரை நேராக நின்றதில்லை.

பள்ளம் வெட்டி, சுற்றிலும் சுவர் வைத்து, உள்ளே வினைல் ஷீட் விரிப்பதாக ஏற்பாடு. அடியில் கடுகளவு கல் இருந்தாலும் தண்ணீர் பாரத்தில் ஷீட் கிழிந்துவிடும் என்றார் கார்வேட்டிநகரத்து மேஸ்திரி. மணலை இரண்டு தடவை சலித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரத்தில் ஈசான்ய மூலையில் ஒரு பிடி நவதானியம் போட்டு மண்ணால் மூடினேன். மாட்டுக்கொட்டகைக்கே போடுகிறோம், அவள் பாதம் தேறவேண்டிய இடத்துக்குப் போடாமல் எப்படி? யாரிடமும் மூச்சுவிடவில்லை. மேஸ்திரி வந்து மணலைப் பரப்பி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, பலகையால் இழுத்தார். தோசைக்கல் தோற்றது.

ஷீட் வர ஐந்து நாள் ஆனது. மணல் உதிராமலிருக்க இருவேளையும் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருந்தார். நான் மூன்று வேளை தெளித்தேன்.

விரிக்கிற அன்று, கண்ணும் கையும் ஏமாறும், வெறுங்காலுக்குத்தான் தெரியும், நடந்து பாருங்கள் என்றார். நடந்தேன். என் குதிகால் வெடிப்புக்கு ஆணி குத்தினாலே மறுநாள்தான் தெரியும். பிரமாதம் என்று சொல்லிவிட்டேன். தானும் பார்க்கிறேன் என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூலைக்குப் போனதும் நின்றாள்.

"இங்க இன்னாமோ குத்துது."

"எந்தக் காலுல?" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"இந்தக் காலுலதான்யா."

மேஸ்திரி உட்கார்ந்து விரலால் கீறினார். உள்ளே காராமணியும் பயறும் வெள்ளையாக முளைவிட்டு, மணலைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அப்புறம் தெலுங்கில் அவர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. நான் அவள் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையை முழுசாகத் தோண்டித்தான் ஆகவேண்டும் என்று கரணையை எடுத்தார்.

"இருப்பா," என்றாள் அவள். "இன்னொரு தபா மிதிச்சிக்கிறேன்."