இருபத்திரண்டாம் நாள் போன்

இன்குபேட்டர் விற்கிறவனுக்கு விற்ற அன்று ஒரு கும்பிடு கிடைக்கும். இருபத்திரண்டாம் நாள் ஒரு போன் வரும். கோழி முட்டை பொரிய இருபத்தோரு நாள். மறுநாளும் பெட்டிக்குள் சத்தமே இல்லையென்றால், மெஷின் சரியில்லை என்று ஆரம்பிப்பார்கள். நான் சேலையூரிலிருந்து டார்ச் லைட்டும் தெர்மாமீட்டருமாக ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். நீங்களும் முட்டையைக் காதோரம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தவரா? அப்போ நீங்க நம்ம ஆள். மேலே படியுங்கள்.

சோப்புக் குளியல்

ஸ்டெல்லா டீச்சர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவர் வீட்டு கேட்டைத் திறக்கும்போதே நாற்றம் வந்து வரவேற்றது. பெட்டிக்குள் ஒரு முட்டை வெடித்து, மற்ற பதினொன்றின் மேலும் தெறித்திருந்தது. வைப்பதற்கு முன் முட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டீச்சர் பெருமையோடு சொன்னார்: பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் அடுக்கினாராம்.

முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு, கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான், கழுவினால் அது போய்விடும் என்று விளக்கினேன். அழுக்கு முட்டையை ஒதுக்கிவிட்டு சுத்தமானதை மட்டும் வையுங்கள் என்றேன். டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்தும் மனசு ஆறவில்லை. "இருபத்தெட்டு வருஷமா பிள்ளைங்கள கை கழுவு, கை கழுவுன்னு சொன்னவ நான். கழுவினதால செத்துப் போச்சுன்னு யார்கிட்ட சார் போய் சொல்றது?"

ஆளுக்கொரு திருப்பு

மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டின் நாலாவது மாடி. கணவன், மனைவி இருவருக்கும் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. முட்டையை உடைத்துப் பார்த்தால் எல்லாக் குஞ்சும் பாதி வளர்ந்து, ஓட்டின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு செத்திருந்தது. திருப்பாமல் விட்டால்தான் இப்படி ஆகும். காலையும் மாலையும் தவறாமல் திருப்பினேன் என்று கணவர் சத்தியம் செய்தார். நானும்தானே திருப்பினேன் என்றார் அடுப்படியிலிருந்து மனைவி.

நான் மெதுவாக விசாரித்தேன். அவர் காலை ஏழு மணிக்குத் திருப்பிவிட்டுக் குளிக்கப் போவார். மனுஷன் மறந்திருப்பார் என்று அம்மணி ஏழேகாலுக்குத் திருப்புவார். சாயங்காலமும் இதே கதை. ஆக, அத்தனை நாளும் முட்டை புறப்பட்ட இடத்திலேயே வந்து படுத்திருக்கிறது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போடச் சொன்னேன். கோபம் வரும் என்று பார்த்தால், மனைவி சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கல்யாணமாகி பதினாறு வருஷத்துல, சொல்லாமலே ரெண்டு பேரும் ஒரே வேலைய செஞ்சது இது ஒண்ணுதான் சார்."

வெப்பநிலை மட்டும் சரி

ராஜகீழ்ப்பாக்கத்து ஜெரால்டு அரைமணிக்கு ஒருதரம் வெப்பநிலையைக் குறித்து எக்செல் ஷீட்டே போட்டிருந்தார். கணக்கில் ஒரு பிசகில்லை. ஆனால் இரண்டு தடவையும் ஒரு குஞ்சுகூட வரவில்லை. முட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரத்த நாளம் ஒன்றுமில்லாமல் உள்ளே பளிங்கு மாதிரி இருந்தது. எதுவும் ஆரம்பிக்கவே இல்லை. முட்டை எங்கே வாங்கினீர்கள் என்றேன். பக்கத்துத் தெருவில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒரு அக்காவிடமாம். இருவருமாகப் போனோம். பத்துக் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. எல்லாம் பெட்டை. சேவல் எங்கேம்மா என்று கேட்டேன். அந்த அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சேவலா? அது ஆடி மாசமே கொயம்பாயிட்ச்சு சார். கோயி முட்ட வுட்டுகினுதான கீது, அப்பால இன்னா?"

மீன் பெட்டி

எங்கள் தெருவில் மீன் விற்க வரும் செல்வி என்னிடம் மெஷின் வாங்கவில்லை. ஐஸ் போட்டு மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியிலேயே பல்பு மாட்டி, அவளே ஒன்று செய்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சேவலோடு சுற்றும் அவளுடைய ஒரே கோழியின் முட்டைகளைச் சேர்த்து வைத்து அடுக்கியிருந்தாள். அத்தனையும் கடைசி நாளில் போயிற்று. ஒவ்வொன்றிலும் முழுசாக வளர்ந்த குஞ்சு. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீன் விலையைக்கூடச் சொல்லாமல் அதைத்தான் முதலில் சொன்னாள்.

அடுத்த வாரம் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள். சூடு சரி, தண்ணீர்க் கிண்ணமும் சரி. மீன் வாசனைக்குப் பூனை சுற்றுகிறது என்று நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். வளர்ந்த குஞ்சுக்கு ஓட்டுக்குள் காற்று நிறைய வேண்டும். பென்சிலால் பெட்டியின் பக்கவாட்டில் ஆறு ஓட்டை போட்டேன். படகில் ஓட்டை போட்ட மாதிரி பதறினாள். மறுபடி முட்டை சேர்த்து வைத்ததில் ஒன்பது குஞ்சு வந்தது. சேதி சொல்ல வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள். "மீனு செத்தப்பறம்தாண்ணா அந்தப் பொட்டிக்குள்ள போவுது, அதுக்கு இன்னாத்துக்குக் காத்து? உயிரு வர்ற பொட்டிக்குக் காத்து வோணும்னு எனக்குத் தோணவே இல்லியே."

மூடியைத் திறக்காதீங்க

செம்பாக்கம் ஏரிப் பக்கம் சாமுவேல் சார் வீடு. அவரிடமிருந்து போன் இருபத்தோராம் நாளே வந்துவிட்டது. ஓடு விரிசல் விட்டும் குஞ்சு வெளியே வரவில்லை, உள்ளே கத்துகிற சத்தமும் குறைகிறது என்றார். போய்ப் பார்த்தால் வாசல் நிறையச் செருப்பு. சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் சேதி போட்டுவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஈரம் வெளியே போய், ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துவிட்டது.

வெந்நீரில் நனைத்த துணியை உள்ளே வைத்து மூடினேன். இனி யாரும் தொடக்கூடாது என்றேன். இரண்டு நிமிஷத்தில் சார் கை தானாக மூடிக்குப் போயிற்று. அவர் மனைவி மெர்சி அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதெல்லாம் பிடிக்காது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூடி மேல் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் வந்தபோதும் எடுக்கவில்லை. நானும் வேறு வேலைக்குக் கிளம்ப மனசில்லாமல் இருந்தேன். மதியத்துக்குள் நாலு வந்தது. ஐந்தாவது சிக்கிக்கொண்டே கிடந்தது. அக்காவைக் கையை எடுக்கச் சொல்லி மூடியைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு சவ்வைத் தளர்த்தினேன். ஹாலில் இருந்த இருபது பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். குஞ்சு ஒரு உதை விட்டு வெளியே விழுந்து, ஈரத்தோடு தலையைத் தூக்கிக் கத்தியது. கைதட்டல் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். இதுகளை எங்கே வைப்பது என்று சார் என்னைக் கேட்டார். பதில் மெர்சி அக்காவிடமிருந்து வந்தது. "ஹால்லயே இருக்கட்டும். இடம் பத்தலன்னா அந்த சோபாவ யாருக்காவது குடுத்துருங்க."

இத்தனை வருஷத்தில் முட்டை பொரியாததற்கு நான் கண்டுபிடித்த காரணங்களில் முக்கால்வாசி பெட்டிக்குள் இருந்ததே இல்லை, பெட்டிக்கு வெளியே நின்று எனக்குக் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தது.