பின்கதவில் பாலுசாமி

போத்தனூரிலிருந்து மதுக்கரை போகிற சாலையில் அஃபானின் வாட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. கார் கழுவுகிற அந்தக் கடையில் கார் கழுவாத ஒரே ஆள் வரலட்சுமி. அவருக்கு வேலை ஸ்டிக்கர் எடுப்பது. சரியாகச் சொன்னால், ஸ்டிக்கர் போன பிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கும் பசையை எடுப்பது.

வயது நாற்பத்தொன்பது. இதற்கு முன்பு பதினாறு வருடம் டவுனில் ஒரு ரேடியம் கடையில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடையை மூடியபோது, "ஒட்டத் தெரிஞ்சவங்களுக்கு எடுக்கத் தெரியாதாக்கா?" என்று கேட்டு அஃபான் கூட்டிக்கொண்டு வந்தான். தெரியவில்லை. முதல் வாரமே ஒரு டாக்டரின் வெள்ளைக் காரில் தின்னர் ஊற்றித் தேய்த்து, பசையோடு சேர்த்துப் பளபளப்பையும் எடுத்துவிட்டார். டாக்டர் திட்டவில்லை. புண்ணைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு தின்னரும் பிளேடும் வரலட்சுமியின் மேசையை விட்டுப் போயின. இப்போது ஒரு ஹேர் டிரையர், பனியன் வேஸ்ட் துணி, காலாவதியான ஏ.டி.எம். கார்டு, நீலகிரித் தைலம். இவ்வளவுதான்.

தைலத்தில் ஒரு சங்கடம் உண்டு. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் வீடு முழுக்கச் சளி பிடித்த வாசம் அடிக்கும். கணவர் பாலகோபால் ரயில்வே பார்சல் ஆபீஸ்காரர், பழகிவிட்டார். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் மட்டும் மூன்று வருடமாக, "இன்னும் சளி விடலீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மெரூன் நிற ஜீப் ஒன்று கடைக்குள் வந்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, தண்ணீர் டிரம்மை ஒரு இடி இடித்து நின்றது. ஓட்டி வந்தது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. காட்டன் சேலை, காலில் ஷூ. இறங்கி, டிரம்மைப் பார்த்து, "ஒடையலீங்க" என்றார்.

பெயர் நாச்சியம்மாள். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழையும் மஞ்சளும் வைத்திருக்கிற குடும்பம். போத்தனூரில் இருக்கிற மகன் வீட்டுக்கு ஒரு வாரம் தங்க வந்திருந்தார். வரலட்சுமியைக் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

பின்கதவு முழுக்க ஒரு சாண் உயர மஞ்சள் எழுத்து. மேலே 'கோ. பாலுசாமி'. கீழே 'மேனாள் ஒன்றியத் துணைத் தலைவர்'. பதினாலு வருட வெயிலில் எழுத்துக்கள் வெடித்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. முதல் எழுத்தைச் சுற்றிலும் கீறல்.

"இந்தக் கீறல் எப்படிங்கம்மா வந்துச்சு?"

"தோசைக் கரண்டிங்க. சீமெண்ணெய் ஊத்திச் சொரண்டிப் பாத்தேன். வரல."

"கோபியிலயே எடுத்திருக்கலாமேங்க?"

"எவனும் தொட மாட்டேங்கறான் அம்மணி. இவர் என்ற ஊட்டுக்காரர். போயி ரெண்டு வருசம் ஆச்சு. அவர் பேரச் சொரண்டுனவன்னு நாளைக்கு ஊருக்குள்ள பேச்சாயிருமாம்."

எதற்காக எடுக்க வேண்டும் என்று வரலட்சுமி கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமில்லை. காதலித்தவள் பெயர், கட்சிக்கொடி, 'பிரஸ்' என்று எத்தனையோ எடுத்தாகிவிட்டது. தேர்தல் முடிந்த மறுவாரம் வரிசையில் நிற்பார்கள். ஆனால் நாச்சியம்மாள் தானாகவே சொன்னார்.

"எங்க போனாலும் வண்டியப் பாத்ததும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க. கதவத் தொறந்து நான் எறங்குனதும் உக்காந்துக்கறாங்க. எத்தன நாளைக்குங்க பாத்துட்டு இருக்கறது?"

வரலட்சுமி வேலையைத் தொடங்கினார். வண்டியை நிழலில் நிறுத்தி, கதவைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். மண் இருந்தால் தேய்க்கத் தேய்க்கக் கீறும். பிறகு ஹேர் டிரையரால் ஒரு எழுத்தைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து, ஓரத்தை நகத்தால் கிளப்பிப் படுக்கைவாட்டில் மெதுவாக இழுத்தார். அவசரப்பட்டால் தூளாக உதிர்ந்துவிடும். அவசரப்படாவிட்டாலும் பாதி உதிரும்.

முதலில் வந்தது 'மேனாள்'. அந்த ஒரு சொல் மட்டும் பிந்தி ஒட்டியது. பதவி போய் மூன்று வருடம் கழித்து, யாரோ எழுதிப் போட்ட புகாருக்குப் பயந்து பாலுசாமி ஒட்டினாராம். பசை அவ்வளவு ஊறவில்லை, கழன்று வந்துவிட்டது. அத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ஆகவே அன்று ஒன்றரை மணி நேரம் பாலுசாமி மீண்டும் ஒன்றியத் துணைத் தலைவராக இருந்தார். கார் கழுவ வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, நாச்சியம்மாளிடம் தன் ஊர்ச் சாக்கடை அடைப்பைப் பற்றி ஒரு குறை சொன்னார். அவரும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் எழுத்தெல்லாம் போனது. பசை போகவில்லை. பலாப்பழம் அறுத்த கை மாதிரி, பழுப்பாய்ப் பிசுபிசுவென்று எழுத்தின் வடிவத்திலேயே நின்றது. செவ்வாய்க்கிழமை முழுக்க அதோடுதான். துணியைத் தைலத்தில் நனைத்துப் பசைமேல் பதித்துக் கால் மணி நேரம் விட வேண்டும். இளகியதும் ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் வழிக்க வேண்டும். வழித்ததைத் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, மறுபடி துணியைப் பதிக்க வேண்டும். ஒரு எழுத்துக்கு நாலு தடவை. நாச்சியம்மாள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த எழுத்து எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "'சா' சீக்கிரம் வந்துருச்சு, 'லு'தான் அழும்பு பண்ணுது" என்றார். "அவரும் அப்படித்தானுங்க. ஒரு விசயத்துல இருந்து எறங்கவே மாட்டார்."

புதன்கிழமை காலையில் பசை சுத்தமாகப் போய்விட்டது. விரலை வைத்தால் வழுக்கியது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

பதினாலு வருடம் ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படவில்லை. சுற்றிலும் மெரூன் வெளுத்துப் போயிருக்க, எழுத்து இருந்த இடம் வாங்கின அன்றைய நிறத்தில் பளிச்சென்று நின்றது. அந்த நேரம் பார்த்து மகன் மனோஜ்குமார் வந்தான். அம்மா எங்கே தினமும் போகிறார் என்று தெரிந்துகொண்டு, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கதவைப் பார்த்தான். பிந்தி ஒட்டிய 'மேனாள்' தடம் விடவில்லை; 'கோ. பாலுசாமி, ஒன்றியத் துணைத் தலைவர்' என்று, முன்னைவிட அழகாக இருந்தது.

"அம்மா, எடுக்கச் சொன்னீங்களா, புதுப்பிக்கச் சொன்னீங்களா?"

"எடுக்கத்தான் சொன்னேன்."

"எதுக்கும்மா எடுக்கணும்? அப்பா பேரு உங்கள என்ன பண்ணுச்சு?"

நாச்சியம்மாள் நாற்காலியிலிருந்து எழவில்லை. "ஒண்ணும் பண்ணல கண்ணு. நாப்பது வருசமா அந்தப் பேருக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வண்டிய நான் ஓட்டறேன். தோட்டத்த நான் பாக்கறேன். உரக்கடையில என்கிட்ட வெலை சொல்லாம, 'ஐயா எங்கீங்க'ன்னு வண்டிக்குள்ள எட்டிப் பாக்கறான். செத்துப்போன மனுசன எத்தன தடவ நான் செத்துட்டார்னு சொல்றது?"

மனோஜ்குமார் மறுபடி கதவைப் பார்த்தான். "எனக்குக் கஷ்டமா இருக்குதும்மா" என்றான்.

"எனக்கும் இருக்குது. அதான் நேத்தெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

அவன் போனை எடுத்தான். வெயில் சாய்வாக விழுகிற பக்கமாக நகர்ந்து, முட்டி போட்டு, கதவைப் படம் எடுத்துக்கொண்டான். பிறகு வரலட்சுமியிடம் திரும்பி, "இதுக்கு மேல என்னங்கக்கா பண்ணுவீங்க?" என்றான்.

"சுத்தியும் பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேச்சு, வெளுத்த மேல்படலத்த எடுக்கணுங்க தம்பி. ரெண்டும் ஒரே நெறத்துக்கு வரும். முழுசா வருமான்னு சொல்ல முடியாது."

மெஷினில் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தார். மதியத்துக்குள் பதவி போனது. மூன்று மணிக்குப் பெயரில் முக்கால்வாசி போனது. 'மி' மட்டும் மிச்சம். அது கதவின் தகடு மடிகிற மேட்டில் இருந்தது. மேட்டில் பெயின்ட் மெலிசாக இருக்கும், மெஷினைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வரலட்சுமிக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு நொடி கூடுதலாக வைத்துவிட்டார். மெஷினை எடுத்தபோது ஒரு விரல் நீளத்துக்கு, பெயின்ட்டுக்கு அடியில் பூசியிருந்த பிரைமர் வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

மெஷினை அணைத்துக் கீழே வைத்தார். டாக்டரின் கார் ஞாபகம் வந்தது. அஃபான் வந்து பார்த்தான். நாச்சியம்மாளும் மகனும் அப்போது எதிரே பேக்கரியில் இருந்தார்கள்.

"அக்கா, தோசைக் கரண்டியில போனதுன்னு சொல்லீரலாம். அந்தம்மாவே சொரண்டுனேன்னு சொன்னாங்கல்ல?"

"கரண்டி மொத எழுத்துலதான் பட்டுச்சு தம்பி. இது கடைசி எழுத்து."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"ஒவ்வொரு எழுத்தாப் பாத்துட்டு உக்காந்திருந்தவங்க. தெரியும். தெரியலீனாலும் நான் சொல்லிக்கறேன்."

வரலட்சுமி சாலையைக் கடந்து பேக்கரிக்குப் போய், மேசை முன்னால் நின்றார். "அம்மா, உங்க வண்டியில பெயின்ட்ட எடுத்துப்போட்டேனுங்க. என்ற தப்புதான். பக்கத்து ஷெட்டுல சொல்லி என்ற பொறுப்புல கதவு முழுக்கப் பெயின்ட் அடிச்சுக் குடுத்தர்றேன்."

நாச்சியம்மாள் தேங்காய் பன்னைக் கீழே வைத்தார். "எந்த எழுத்துங்க?"

"கடைசிங்க. 'மி'."

நாச்சியம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மனோஜ்குமார் எழுந்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, "போறப்பக்கூட ஒரு வம்பு பண்ணீட்டுத்தான் போறார்" என்றார். "உக்காருங்க அம்மணி. டீ சொல்றேன்."

"அதுக்குப் பேசாம முன்னாலயே பெயின்ட் அடிச்சிருக்கலாமே?" என்றான் மகன்.

"பசைமேல பெயின்ட் நிக்காதுங்க தம்பி. எடுத்துத்தான் ஆகணும்."

சனிக்கிழமை கதவு வந்தது. பெயின்டர் என்ன கலந்தும் பதினாலு வருடத்து மெரூன் அவருக்குச் சிக்கவில்லை. கதவு மட்டும் புதுசாக, வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்தது போல் இருந்தது. நாச்சியம்மாள் இரண்டு சுற்று சுற்றிவந்து பார்த்தார். மனோஜ்குமார் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கைரேகையைத் தன் சட்டையாலேயே துடைத்தான்.

"ஒரு நடை ஓட்டிப் பாக்கறேன். ஏறுங்க அம்மணி" என்றார் நாச்சியம்மாள்.

இருபது வருடம் வண்டிகளோடு இருந்த வரலட்சுமி, கஸ்டமர் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து போனதே இல்லை. சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஜீப் இரண்டு தடவை குதித்து, மூன்றாம் தடவை கிளம்பியது. மதுக்கரை சாலையில் சிமென்ட் லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. நாச்சியம்மாள் இரண்டாவது கியரை விட்டு மாறவில்லை.

"மூணாவது போடலாமுங்களா?" என்று வரலட்சுமி கேட்டார்.

"எதுக்குங்க? நமக்கென்ன அவசரம்?"

வரலட்சுமி யோசித்துப் பார்த்தார். அவசரம் ஒன்றும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே வைத்துக்கொண்டார்.