பெரிய கிளட்ச்சுக்கு இரண்டு காரணம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, லாரிகளில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவன் நான். டெல்லிக்கு வந்து சேர்ந்தபோது லக்ஷ்மிபாய் நகரில் ஒரு ஸ்கூட்டர் கொட்டகையில் இடம் கிடைத்தது. ஸ்கூட்டர் உள்ளே நின்றால் காலை மடக்கிப் படுக்க வேண்டும். மற்றபடி குறையில்லை.

கொட்டகைக்கு உரியவர் மத்திய அரசு அதிகாரி, திருநெல்வேலிக்காரர். ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கையில், யாரையும் கேட்காமல் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்துவிட்டார். ஓய்வு பெற்ற மறுநாளே மனைவியோடு பத்ரிநாத் கிளம்புவது, வழியில் பஸ் ஏறாத மலைத்தடங்களில் எல்லாம் ஏறிப் பார்ப்பது என்பது அவருடைய திட்டம். எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. அந்த ஜீப்பின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, டெல்லி வெயிலை விட்டு மலைக்குப் போய்விடுவது. சம்பளம்கூடக் கேட்பதாக இல்லை. ஆனால் அவரோ தானே ஓட்டுவதாக அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜீப் ஓடினால்தானே? பிரித்துப் பார்த்தேன். கிளட்ச் கருகிப் போயிருந்தது. அது உரசும் ஃப்ளைவீலிலும் விரிசல். என்ஜினுக்குப் பின்னால் சுற்றும் இரும்புச் சக்கரம்தான் ஃப்ளைவீல். கனமாக இருந்தால், ஏற்றத்தில் என்ஜின் திணறும்போது சுற்றிய வேகத்திலேயே அதை இழுத்துக்கொண்டு போகும். லேசாக இருந்தால் என்ஜின் சட்டென்று வேகம் பிடிக்கும், சட்டென்று அணைந்தும் போகும்.

ஜும்மா மசூதிக்குப் பின்னால் பழைய மோட்டார் சாமான் விற்கும் சந்துக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு ஜோடிகளை எடுத்துப் போட்டார். ஒன்று கனமான சக்கரம், அதற்குப் பெரிய கிளட்ச், முரட்டு ஸ்பிரிங். மற்றது யாரோ கடைசலில் கொடுத்து இளைக்க வைத்த சக்கரம், அதற்குச் சின்ன கிளட்ச், பூப்போன்ற பெடல். ஒன்றின் கிளட்ச் மற்றதில் பொருந்தாது. கடைக்காரர் வண்டி எங்கே போகிறது என்று கேட்கவில்லை. "கௌன் சலாயேகா, பாபுஜி?" என்று, யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை மட்டும் கேட்டார். அதிகாரி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரர் அவர் முழங்காலைப் பார்த்தார். படி ஏறும்போது அது இழுக்கும். இரண்டையும் எடுத்துப் போங்கள், வேண்டாததைத் திருப்பித் தாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதிகாரி ஒரு ஃபைல் திறந்தார். முப்பத்தைந்து வருடப் பழக்கம். ஃபைல் இல்லாமல் அவரால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. என் கருத்தை எழுத்தில் தரச் சொன்னார். கோணல் எழுத்தில் அரைப் பக்கம் எழுதினேன்: மலைக்குக் கனமான சக்கரம்தான் நல்லது, ஏற்றத்தில் அணையாது, பெரிய கிளட்ச் வழுக்காது. அவர் படித்து, ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அவருக்கு எதிரே பிரம்பு மோடாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"பேசுங்க சார்" என்றேன்.

"பெடல் கடினமா இருக்குமே. அதைப் பத்தி நோட்டுல ஒண்ணும் காணலியே?"

பழகிவிடும் என்றேன். பெரிய கிளட்ச் வேண்டும் என்று நான் சொன்னதற்கு உண்மையில் இரண்டு காரணம். எழுதியது ஒன்று. அந்த முழங்காலால் அந்தப் பெடலை அமுக்க முடியாது, அமுக்க ஆள் வேண்டும் என்பது மற்றது. அதை எழுதவில்லை.

கனமான ஜோடியை முதலில் மாட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார். கியர் பாக்ஸை இறக்கி ஏற்ற இரண்டு நாள் ஆனது. அதிகாரி ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். பாதி போயிற்று. முகம் சிவந்தது. இரண்டாம் தடவை பல்லைக் கடித்து மிதித்தார். இன்னும் கொஞ்சம் போய், காலோடு மேலே வந்துவிட்டது. நான் அனுதாபமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கழத்துப்பா. சின்னதையே போட்டிரு" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. டிரைவர் வைத்துக்கொள்வது பற்றி அவர் யோசிக்கக்கூட இல்லை. மலையில் அது தாங்காது சார் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டார். சரோஜினி நகர் வரைக்கும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் இருபது வருடமாகத் தையல் மெஷினை மிதித்து ரவிக்கை தைப்பவர்.

"இறங்குங்க, நான் பாக்கேன்."

புடவையைச் செருகிக்கொண்டு ஏறினார். இடது காலை வைத்தார். பெடல் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது. அங்கேயே வைத்துக்கொண்டு, "இதுக்கா ரெண்டு பேரும் ஃபைல் போட்டிய?" என்று கேட்டார். காலை எடுக்கவே இல்லை. ஊரிலிருந்து தங்கை எழுதிய கடிதத்தைப் பற்றிக்கூட நடுவில் ஏதோ சொன்னார்.

மறுநாள் ஃபைலில் கடைசி வரி ஏறியது: 'கனமான சக்கரம் ஏற்கப்பட்டது. ஓட்டுநர்: மனைவி.' என் திட்டத்துக்கு அங்கே இடமே இல்லை.

அந்த அம்மாவுக்கு வண்டி பழக்கும் வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது. டெல்லியில் மலைக்கு எங்கே போவது? மந்திர் மார்க்குக்குப் பின்னால் ரிட்ஜ் காட்டில், முள்மரங்களுக்கு நடுவே ஒரு கரடுமுரடான மேடு உண்டு. அம்மா கிளட்ச்சை ஒரேயடியாக விடுவார். வண்டி குதிக்கும். பின்சீட்டில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் அதிகாரி மேலே போய்வருவார். ஆனால் என்ஜின் ஒரு தடவைகூட அணையவில்லை. லேசான சக்கரமாக இருந்தால் அடிக்கொரு தரம் அணைந்திருக்கும். என் சுயநலத்துக்காக நான் எழுதிய நோட்டு அட்சரம் பிசகாமல் உண்மையாகிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட முடியவில்லை.

பத்தாம் நாள் மேட்டின் பாதியில் நிறுத்திப் பழகினோம். கை பிரேக் பிடிக்கவில்லை. அதில் எண்ணெய் இறங்கியிருந்தது. ஜீப் மெல்லப் பின்னால் உருண்டது. நான் குதித்து, கிடந்த மரக்கட்டையைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். அதிகாரி ஃபைலைத் திறந்து பேனாவைத் தேடினார்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "எழுதுங்க. கட்டை போட ஒரு ஆள் வேணும். இவனே வரட்டும்."

அப்படித்தான் நான் பத்ரிநாத் போனேன். அம்மா ஓட்டினார். பக்கத்தில் அதிகாரி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பின்னால், மடியில் கட்டையோடு நான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குதித்து, கட்டையைப் போட்டு, வண்டி கிளம்பியதும் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். ஏற்றத்தில் நிற்கக் கூடாது என்று அம்மா பழகியிருந்ததால், நான் ஏறிக்கொள்வதற்காக அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அந்த மலையில் பாதி தூரம் நான் நடந்தே ஏறியதாகத்தான் கணக்கு.