டீசல் தாங்கிக்குப் போட்ட பூட்டு

தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் நின்றுவிட்டது என்று மச்சினன் போனில் சொன்னான். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. டீசலை என்ன செய்தாய் என்றுதான் கேட்டேன்.

அவன் என் மனைவியின் தம்பி, என் லொறியின் சாரதி. கொஞ்ச நாளாக லொறி டீசல் கூடுதலாகக் குடிக்கிறது என்று எனக்குள் ஒரு குடைச்சல். அவனிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்ற லொறிகளிலிருந்தே டீசலை உறிஞ்சி எடுத்தார்கள். அப்போதிருந்து எங்கள் பக்கத்தில் தாங்கி மூடிக்குப் பூட்டுப் போடுவது வழக்கமாகிவிட்டது. அன்று காலை நானும் புது மூடி போட்டு, டீசல் நிரப்பி, என் கையாலேயே பூட்டினேன். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைச் சாரதியிடம் கொடுப்பதுதான் முறை. நான் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

திகனயிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன். பூட்டைத் தொடாமல், தாங்கியின் அடியில் டீசலை வடிக்கிற ஆணியைக் கழற்றி எடுத்திருப்பான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

லொறி ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நின்றது. மச்சினன் கையெல்லாம் டீசலாக நின்றான். வடிகட்டியில் தண்ணீர் இல்லை, கைப்பம்பை எவ்வளவு அடித்தும் டீசல் மேலே வரவில்லை என்றான். ஸ்டார்ட்டரைச் சுற்றிச் சுற்றி பேட்டரியும் களைத்திருந்தது. நான் பூட்டைத் திறந்து தாங்கிக்குள் குச்சியை விட்டேன். முக்கால்வாசிக்கு மேல் நனைந்து வந்தது.

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் கூடியது. திருடவில்லை என்றால் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறான் என்று பட்டது. அவன் மறுபடி பம்பை அடித்தான். இம்முறை டீசல் வந்தது, எஞ்சினும் பிடித்துக்கொண்டது. நான் வந்தால் மட்டும் ஓடுகிறதா என்று குத்தலாகக் கேட்டேன். மூடியைப் பூட்டி, மோட்டார் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

கொஞ்சத் தூரம்தான். பஸ் தரிப்பிடம் ஒன்றின் முன்னால் மறுபடி நின்றது. வெயிலில் கொழுந்து மூட்டைகள் சூடேறிக்கொண்டிருந்தன. எனக்குக் கண்மண் தெரியவில்லை. கீழே இறங்கி, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவனைக் கள்ளன் என்றேன். சாப்பிட்ட வீட்டிலேயே கை வைத்தவன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அவன் தாங்கிக்குப் பக்கத்தில் குந்தி, சாவிக்குக் கையை நீட்டினான். மூடியைத் தளர்த்தியதும் ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது.

"மச்சான், பூட்டுனா நிக்குது, தொறந்தா ஓடுது. இந்த மூடியில காத்துப் போற ஓட்டை எங்க?"

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. மூடி செய்த பட்டறை பாஸ் துளை வைக்கவா என்று கேட்டார்தான். அதற்குள்ளும் குழாய் விடுவான்கள், சுற்றிவரத் தடித்த ரப்பர் போடுங்கள் என்று சொன்ன மேதாவி நான்.

அவன் கத்தியால் ரப்பரில் ஒரு வெட்டு வெட்டி, மூடியைப் பூட்டி, சாவியை என் கையில் தந்தான். அதன் பிறகு லொறி எங்கும் நிற்கவில்லை. தொழிற்சாலையில், சூடேறிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே கொழுந்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாவியை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"பூட்டுப் போட்டது எனக்காகத்தான்னு காலையிலயே தெரியும் மச்சான். அத நான் தாங்கிக்கிட்டேன். ரோட்டுல வச்சு கள்ளன்னு சொல்லிட்டீங்க. இனி இந்த லொறிய நான் தொட மாட்டேன்."

பேட்டரி களைத்திருந்ததால் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, பஸ் பிடிக்க நடந்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்கு அவன் மேல்தான் கோபம். லொறி ஓட்டும் அனுமதிப்பத்திரம் என்னிடம் இல்லை. தொழிற்சாலை முற்றத்தில், ஆளில்லாத சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.